பரிந்துரை: குழந்தைகளுக்காக அரசிடம் பேசுதல்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களைப் பிடித்து யானையின் காலில் இட முனைந்தான். அப்போது அங்கே வந்த கோவூர் கிழார் ஒரு பாடலைப் பாடி அச்சிறுவர்களை உய்யக்கொண்டார். புறநானூற்றின் 46ஆம் பாடலைப் பற்றிய பழங்குறிப்பு தரும் செய்தி இது. ஆண்டுதோறும் இதனை வகுப்பில் நடத்துகிறோம். வஞ்சித்திணை, துணைவஞ்சித் துறை என்று எழுதச் சொல்கிறோம். மாணாக்கரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் அப்புலவர் அன்று செய்த செயல் யாது என்னும் வினாவை நாம் வகுப்பில் எழுப்புவது அரிது.

அவர் செய்ததை நிரல்படுத்திப் பார்ப்போம். முதலில், புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று மன்னனுக்கு அவன் குடியின் அறத்தை நினைவூட்டுகிறார். அடுத்து, இச்சிறுவர்கள் அறிவால் வாழ்வோரின் வறுமைக்கு அஞ்சி உணவைப் பகுத்துண்டோர் மரபினர் என்கிறார். மூன்றாவதாக, கண்முன் நிகழ்வதைச் சுட்டுகிறார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்ட அச்சிறார், முன்பின் அறியாத அவையை மருண்டு நோக்கி நிற்கின்றனர். இறுதியாக, நான் சொன்னதைக் கேட்டாய், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிவை மன்னனிடமே விட்டுவிடுகிறார். மன்னனைப் பழிக்கவில்லை. மலையமானுக்காக வழக்காடவும் இல்லை. தமக்கென ஒரு பொருளும் கேட்கவில்லை. அவையில் இருந்த அனைவருள்ளும் பேச இயலாதவர் அக்குழந்தைகளே என்பதை உணர்ந்து, அவர் பொருட்டுத் தாம் பேசினார்.

குழந்தைகளின் நலவாழ்வு, கல்வி, குடும்ப நலம் ஆகியவை குறித்து மாநில அரசின் கொள்கைகள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றை உருவாக்குவதில் அரசுக்கு வெளியே நிற்போரின் பங்கு யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ்த்துறை மலரில் இதற்கு இடம் உண்டா என்று சிலர் வினவக்கூடும். உண்டு என்பதற்கே கோவூர் கிழாரை முன்னிறுத்தினோம்.

பரிந்துரையும் வக்காலத்தும்

பரிவு என்பதன் அடியாகப் பிறந்தது பரிந்துரை. ஒருவர்பால் பரிவு கொண்டு அவர் பொருட்டுப் பிறரிடம் பேசும் பேச்சு அது. இன்று இச்சொல்லின் நிலை என்ன? வேலைக்கும் இடத்துக்கும் செல்வாக்குடையாரிடம் கடிதம் வாங்குவதே பரிந்துரை என்றாகிவிட்டது. அரபு மொழியிலிருந்து நம் வழக்கில் கலந்த வக்காலத்து என்னும் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. பிறர் பொருட்டுப் பொறுப்பேற்று நிற்றல் அதன் பொருள். வக்கீல் என்பதும் அதன் உறவே. ஆனால், "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்று கடிந்துகொள்ளும் இடத்தில்தான் அச்சொல்லை மிகுதியும் கேட்கிறோம். பிறருக்காகப் பேசுவதைக் குறிக்கும் இரு நல்ல சொற்கள் ஒரே காலத்தில் இழிபொருள் பெற்றது தற்செயலா என்பதை மொழியியலார் ஆராயலாம். இக்கட்டுரையில் பரிந்துரை என்னும் சொல்லை அதன் பழம்பொருளிலேயே ஆள்கிறோம்.

பிணியாளருக்காக அவ்வாறு பேசியோருள் நம் சமுதாயத்தார் மறக்கலாகாத ஒருவர் மேரி ஷார்லிப். சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவியாகிய அவர், கோஷா காக்கும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் பேறுகாலத்தில் இறப்பதைக் கண்டு வருந்தினார். தாமே மருத்துவம் பயில முடிவு செய்து 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மேலும் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1885இல் பெண்களுக்கான தனி மருத்துவமனை சென்னையில் எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரில் இயங்கும் அதனை முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குகின்றனர். அப்பெண்கள் ஏன் வெளியே வரவில்லை என்று ஷார்லிப் அவர்களைக் குறை கூறிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் வரக்கூடிய இடம் ஒன்று வேண்டும் என்றார். இவ்வேறுபாடு நுண்ணியது. ஏழைகளுக்குப் பரிந்து பேசப் புகுவோர் பலர், பாதி வழியில் அவ்வேழைகளையே கண்டிக்கத் தொடங்கிவிடுவதை நாம் மேடைதோறும் காண்கிறோம்.

ஆயிரம் விளக்கில் ஓர் அணா

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிக்குப் பெயர் வந்தது அங்குள்ள பள்ளிவாசலால் என்பதை நம்மவர் அறிவர். முஹர்ரம் நாட்களில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்ட மண்டபம் அங்கிருந்ததாகக் கூறுவர். அப்பகுதிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டம் இம்மாநிலத்தில் அங்கிருந்த மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் அதற்கான தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சித் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராய செட்டியார். அப்பள்ளியில் பயில்வோர் மிக வறியவர், வறுமையால் வருகை குறைகிறது என்பதே முன்வைக்கப்பட்ட காரணம். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட மன்றம் இசைந்தது.

ஓர் அணா என்று வரையறுத்துக் கேட்டதை ஊன்றி நோக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளின் துயர் துடைக்க ஆவன செய்க என்று கேட்டிருந்தால், ஆவன செய்யப்படும் என்று விடை கிடைத்திருக்கும். இன்ன பள்ளி, இத்தனை காசு என்று கேட்டதனால், ஆம் அல்லது இல்லை என்று விடை கூறியே ஆகவேண்டிய நிலை மன்றத்துக்கு ஏற்பட்டது.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. உணவு பள்ளிக்கு ஆள் சேர்க்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் 1925 ஏப்ரலில் அது தடைப்பட்டது. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியை உணவுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று அரசு கூறிவிட்டது. பிள்ளைகளின் பசி நீங்கிவிடவில்லை. மாநகராட்சியின் மனமும் மாறவில்லை. எந்தக் கணக்கில் எழுதுவது என்னும் ஒரே வினாவில் சோறு நின்றுபோயிற்று. மீண்டும் முயன்றே சில ஆண்டுகளுக்குப் பின் அதற்கு உயிரூட்ட முடிந்தது.

பரிந்துரைப்போர் பலர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர். தலைவரின் நல்லெண்ணத்தைப் பெற்றுவிட்டால் செயல் முடிந்தது என்று கருதி மாலை அணிவித்துத் திரும்பிவிடுகின்றனர். நல்லெண்ணம் விதியாகவும், விதி வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாகவும் ஆகும்வரை அது காற்றில் நிற்கும் சொல்லே. கோவூர் கிழாரின் காலத்தில் மன்னன் வாய்திறந்தால் போதும், யானை திரும்பிவிடும். மக்களாட்சியிலோ மன்னன் இசைந்த பின்னும் நிதித்துறை இசைய வேண்டும்.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. பள்ளிக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு வடிவம் கொடுத்துத் துணைநின்றார். அத்திட்டத்தில் ஊர்மக்களுக்கும் பங்கு உண்டு. நெல்லும் காய்கறியும் விறகும் ஊரார் தந்தனர். 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியும் சேர்ந்தது. இவ்வரலாறு பலரும் எழுதியது. ஆதலின் விரிக்கவில்லை. ஆனால் ஒன்று. அத்திட்டம் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கே சோறிட்டது. பள்ளி வயதை எட்டாத குழந்தை அதன் கணக்கில் இல்லை.

1982க்குப் பின்

அக்குறையை நீக்கியது 1982ஆம் ஆண்டுத் திட்டம். அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊர்ப்புறத்துக் குழந்தைகள், பின்னர் செப்டம்பரில் நகர்ப்புறத்தார், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணாக்கர் என்று அது படிப்படியாக விரிந்தது. இரண்டு வயது கடந்த குழந்தையும் அதில் அடங்கியது. ஒவ்வொரு மையத்திலும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூவர் நியமிக்கப்பட்டனர். கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டோருக்கும் அப்பணிகளில் முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஊருக்கு ஊர் ஆதரவற்றிருந்த பெண்ணின் கையில் ஓர் அகப்பையும் ஊதியமும் கிடைத்ததைக் குடும்ப நலம் பற்றிப் பேசுவோர் போதிய அளவு எழுதவில்லை என்பது எம் கருத்து.

அன்று அத்திட்டத்தை எள்ளியோர் பலர். வாக்குக்காக இடும் சோறு என்றனர். கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் அவ்வாறு பேசியோர் உண்டு. சோற்றின் நோக்கத்தை ஆராய்ந்தவர்கள் சோறுண்ட பிள்ளையின் எடையை ஆராயவில்லை. மற்றொரு புறம், 1980 முதலே உலக வங்கியின் உதவியுடன் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை குன்றியவர்க்குக் கூடுதல் உணவு அளித்துவந்தது. அனைவருக்கும் சோறு என்பது ஒரு நெறி. நிறுத்துப் பார்த்து வேண்டுவோர்க்கு மட்டும் என்பது மற்றொரு நெறி. இரண்டுக்கும் இடையே அறிஞரிடை நீண்ட வழக்கு நடந்தது. இரு நெறிகளும் தேவை என்பதை எடைக்கருவியும் சோற்றுப்பானையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இன்றைய அங்கன்வாடியே காட்டும்.

பின்வந்த ஆட்சிகள் திட்டத்தைக் கைவிடவில்லை என்பது இம்மாநிலத்தின் நற்பேறு. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது வளர்ந்து 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. ஒரு கட்சி தொடங்கியதை மறுகட்சி நிறுத்தினால் தாய்மார் பொறார் என்னும் அச்சமும் இதற்குக் காரணம். அவ்வச்சம் நல்லது.

இங்கு நடந்தது பிற மாநிலங்களுக்கும் சான்றாயிற்று. 1995 ஆகஸ்டு 15இல் நடுவண் அரசு தொடக்கப்பள்ளி உணவுத் திட்டத்தை அறிவித்தபோதும், பல மாநிலங்கள் சமைத்த உணவு தராமல் மாதம் மூன்று கிலோ தானியத்தை அளந்து கொடுத்துக் கடமை முடித்தன. 2001இல் இராசத்தானில் வறட்சி. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் நிறைந்திருக்க, மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் குடியுரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. 2001 நவம்பர் 28ஆம் நாள் நீதிமன்றம் ஆணையிட்டது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கும் சமைத்த உணவே தருதல் வேண்டும். அதில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருத்தல் வேண்டும். ஆண்டில் 200 நாளேனும் தருதல் வேண்டும். சமைத்துப் போடுதல் நடைமுறைக்கு ஒவ்வாது என்று இனி எந்த அரசும் கூற இயலாது. பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தனவே!

அவ்வழக்கிலேயே 2006 டிசம்பர் 13இல் மற்றோர் ஆணை பிறந்தது. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பதின்மருக்குக் குறையாமல் இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லையாயின், ஊர்மக்களோ குடிசைப்பகுதி மக்களோ கேட்ட மூன்று மாதத்துக்குள் அதனை அமைத்துத் தருதல் வேண்டும் என்றது நீதிமன்றம். இந்த நாற்பது என்னும் எண்ணுக்கும் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைக் கூறாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை.

நாற்பது குழந்தைகள்

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரிக்கு அணித்தேயுள்ள ஒரு தெருவின் ஜமாஅத் பெரியவர்கள் எம்மிடம் வந்தனர். அத்தெருவில் தாய்மார் பெரும்பாலோர் வீட்டிலிருந்து பீடி சுற்றுவோர். பால்வாடி என்று மக்கள் வழங்கும் அங்கன்வாடி நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்தது. லாரிகள் பறக்கும் அச்சாலையைக் கடந்து மூன்று வயதுப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவார்? பீடித்தட்டுக்கு அருகிலேயே, இலைத்தூளும் புகையிலை நெடியும் சூழக் குழந்தைகள் தவழ்ந்தன. "தமிழ் படிச்சவுக நீங்க. ஒரு மனு எழுதித் தாங்க தம்பி" என்றார் அவர்களுள் மூத்தவர்.

எழுதினோம். முழு அளவுத் தாளில் நான்கு பக்கம். மக்கட்பேற்றின் சிறப்பைக் குறளிலிருந்து காட்டினோம். மழலையின் இனிமையைச் சங்க இலக்கியத்திலிருந்து காட்டினோம். இறுதியில் ஆட்சியாளரின் பொற்கரங்களைப் புகழ்ந்தோம். இன்று அதனை நினைக்க நாணமாக உள்ளது. உரிய அலுவலகத்தில் அதனை வாங்கியவர் முதற்பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். பின்னர் நிமிர்ந்து, "ஆறு வயசுக்குள்ள எத்தனை பிள்ளைங்க சார்?" என்று கேட்டார். "நிறைய இருக்கிறார்கள்" என்றோம். மனுவை மடித்து எம் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்நாளில் அவர்மீது எமக்குச் சினம் எழுந்தது. இரவு வீடு திரும்பி எண்ணிப் பார்க்க, கேட்டது சரியான வினா என்பது விளங்கிற்று. கோவூர் கிழார் குழந்தைகளை மன்னன் காணும்படி சுட்டினார். நாமோ எம் தமிழைக் காட்டினோம். குழந்தைகள் அந்நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுவீடாகச் சென்று எண்ணினர். எண்ணுதல் எளிது என்று கருதியிருந்தோம். அன்று. பிறந்த நாள் கேட்டால், "நோன்புக்கு முந்தின மாசம்" என்றும், "பெருமழை பேஞ்ச வருசம்" என்றும் விடை வந்தது. தடுப்பூசி அட்டையைப் பார்த்தே நாளை உறுதி செய்ய வேண்டியிருந்தது. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தவர்களின் மூத்த குழந்தைகள் இங்கும் எண்ணப்பட்டனர், கணவன் ஊரிலும் எண்ணப்பட்டிருப்பர். அவர்களை நீக்கினோம். ஆங்கிலப் பள்ளியின் மழலை வகுப்புக்குச் செல்வோரை மாணவியர் தாமாகவே விட்டுவிட்டனர். அத்தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவிதான், ஆணை குடியிருப்பில் உள்ள குழந்தைகள் என்றுதானே சொல்கிறது, எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கவில்லையே என்று திருத்தினார். அவரே மற்றொன்றும் கூறினார். இரண்டு வீடுகளில் நடக்க இயலாத குழந்தைகள் உள்ளனர், கேட்டால் சொல்லமாட்டார்கள் என்றார். மூன்றாம் முறை அவரே தனியே சென்று அத்தாய்மாரிடம் பேசி அவ்விரு பெயர்களையும் எழுதிவந்தார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது அதன் பின்னரே.

இரண்டாம் மனு ஒரு பக்கம். பெயர், பிறந்த நாள், வீட்டு எண் அடங்கிய பட்டியல் இணைப்பு. 2006ஆம் ஆண்டு ஆணையின் நாள் ஒரு வரியில். அவ்வளவே. மூன்று மாதம் என்று ஆணை கூறினும் அதற்கு மேலும் பலநாள் ஆயிற்று. கிராம சபைக்கு இருமுறையும், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்குப் பலமுறையும் பெரியவர்கள் நடந்தனர். இறுதியில் வாடகை வீடொன்றில் மையம் வந்தது. எடைக்கருவி வந்து சேரச் சுணங்கிற்று. "நாலு பக்கம் எழுதுனப்பக் கிடைக்கல. ஒரு பக்கத்துல கிடைச்சிருச்சே தம்பி!" என்று அம்மூத்தவர் சிரித்தார். அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்பதை இன்னும் எம்மால் பிரித்தறிய முடியவில்லை.

ஆணையில் ஒரு தொடர்

இனி மாநில அளவில் நோக்குவோம். ஓர் அரசாணையில் உள்ள ஒரே தொடர் எத்துணைக் குழந்தைகளை உள்ளே சேர்க்கிறது, எத்துணையரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனைத் தொடங்கி வைத்தார். முதற்கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் திருக்குவளையில் நடந்த விழாவில் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகள் அப்போதும் அதில் அடங்கவில்லை.

நம் சமுதாயத்தார் நிறுவிய தொடக்கப்பள்ளிகள் பல அரசு உதவி பெறுவன என்பதை இம்மலரைப் படிப்போருக்குக் கூற வேண்டுவதில்லை. கிறித்தவத் திருச்சபைப் பள்ளிகளும், ஊர்ப்பெரியோர் நிறுவியவையும் அவ்வாறே. ஒரு வீட்டில் அக்காள் அரசுப் பள்ளியிலும் தம்பி உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் நிலை உண்டு. அக்காளுக்குக் காலையில் உப்புமாவும் சாம்பாரும் கிடைக்கும். தம்பி பட்டினியோடு முதல் பாடவேளையில் அமர்ந்திருப்பான். இருவரின் வயிற்றுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு ஆணையின் தொடரில் இருந்தது. 2024 சூலை 15இல் ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டு 26இல் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. நகர்ப்புற விரிவில் மட்டும் 2,429 பள்ளிகள், மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். தொடக்க நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளி. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டது.

பெண்கல்வி உதவியிலும் இதே போக்கைக் காணலாம். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெண்ணின் படிப்பைத் திருமணத்தின் வாயிலாகப் பெற்றோருக்கு உணர்த்திய சூழ்ச்சி அது. நம் தெருக்களில் ஏழாம் வகுப்போடு நிற்கவிருந்த பெண்பிள்ளைகளை மேலும் ஓராண்டு பள்ளியில் இருத்திய பெருமை அதற்கு உண்டு. 2022 செப்டம்பர் 5ஆம் நாள் அது புதுமைப்பெண் திட்டமாக உருமாறியது. திருமணத்தின்போது தரும் தொகை நீங்கி, உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே சேரத் தொடங்கியது. தாலிக்குத் தந்ததை நிறுத்திவிட்டார்களே என்று வருந்திய தாய்மாரும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. திருமணச் செலவு இன்னும் குடும்பத்தின் தோளில்தானே உள்ளது. ஆயினும் மகளின் பெயரில் ஒரு கணக்கு, அதில் மாதந்தோறும் ஒரு தொகை என்பது வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு நிறை தருகிறது. இதனை எம் மாணவியரிடம் கண்கூடாகக் காண்கிறோம். இத்திட்டமும் முதலில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கே உரியதாக இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றோர் 2024 டிசம்பர் 30 முதலே அதில் சேர்ந்தனர். அதற்கு முன் எம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்த இருவருள் ஒருத்திக்கு உதவி வந்தது, மற்றவளுக்கு வரவில்லை. காரணம் கேட்டு நின்றவளிடம் சொல்ல எம்மிடம் நல்ல விடை இல்லை.

இவ்வாறான தொடர்கள் எங்கே எழுதப்படுகின்றன? ஒவ்வோராண்டும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழிலேயே அளிக்கிறது. எவ்வளவு நிதி, எத்தனை மையம், யார் பயனாளி என்பன அதில் உள. தமிழ் முதுகலை மாணாக்கர் அவற்றைப் படித்துப் பார்க்கலாம். நடை சற்றே வறண்டது, ஆனால் சிறுகாப்பியங்கள் சிலவற்றின் நடையினும் கடினமன்று. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு ஒன்று உண்டு. உறுப்பினர் வினா எழுப்பலாம், வெட்டுத் தீர்மானம் தரலாம். அவர் கையில் நம் தெருவின் கணக்கு இருந்தால் வினாவுக்குக் கூர்மை வரும். தகவல் கேட்கும் உரிமையும் உண்டு. நடுவண் சட்டம் 2005இல் வருமுன்னரே, 1997இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது.

கேட்க வேண்டியவை தீர்ந்துவிட்டனவா? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இன்றி உள்ளது. ஆறு மாதம் முதல் ஐம்பத்தொன்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 57.4 பேருக்குக் குருதிச்சோகை. நூறாண்டுகளாகப் பள்ளியில் சோறிட்ட மாநிலத்தில் இந்நிலை ஏன்? பள்ளிக்கு வருமுன்னரே குறை தொடங்கிவிடுகிறது என்பதே விடை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் இடும் முட்டையால் முற்றும் ஈடுசெய்ய இயலாது என்பர் மருத்துவர். கல்வி உரிமைச் சட்டமும் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது ஆறு முதல் பதினான்கு வயது வரையே உரிமை தந்தது. ஆறுக்குக் கீழுள்ள பருவத்தை அரசியலமைப்பு, 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தத்துக்குப் பின்னும், அரசு முயல வேண்டிய நெறியாகவே வைத்திருக்கிறது. வேண்டினால் வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக வைக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளில் தரப்படுகிறது. கருவுற்ற தொடக்கத்திலேயே கிராமச் செவிலியரிடம் பதிவு செய்தோர்க்கே தவணை ஒழுங்காக வரும். நம் வீடுகளில் தலைப்பிள்ளைச் செய்தியை ஐந்து மாதம் வரை வெளியே சொல்லாத வழக்கம் உண்டு. கண்ணேறு படும் என்னும் அச்சம். அதனால் தவணை தவறுவதோடு, இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வேண்டிய மாதங்களும் கழிந்துவிடுகின்றன. இதனை அரசிடம் கேட்டுப் பயனில்லை. வீட்டு முதியோரிடம்தான் பரிந்துரைக்க வேண்டும்.

முன்னர்க் கூறிய தெருவின் மையம் இன்னும் வாடகை வீட்டிலேயே இயங்குகிறது. சொந்தக் கட்டடத்துக்கு இடம் தர ஜமாஅத் இசைந்துள்ளது. மனு அளிக்கும்முன் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அன்று எண்ணப்பட்ட குழந்தைகள் அனைவரும் இன்று பள்ளிப் பிள்ளைகள். அவ்விரு பெயர்களை எழுதிவந்த மாணவி இப்போது வேறோர் ஊரில் ஆசிரியராக உள்ளார். பழைய பட்டியலின் படி எம் துறை நூலகத்தில், புறநானூற்று உரைகள் அடுக்கிய நிலைப்பேழையின் கீழ்த்தட்டில் உள்ளது. இரண்டாமாண்டு மாணவியர் அதனை எடுத்துச் சென்று அடுத்த ஞாயிறு முதல் எண்ணத் தொடங்குகின்றனர்.